தேர்தல் திசைகள்: ஓட்டு உண்டு, எம்.பி கிடையாது! - கானாவில் 17,000 பேர் தொலைத்த 276-வது நாற்காலி

2020 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் கானா நாட்டில் வாக்குப்பதிவு. அந்த நாட்டில் 1996-லிருந்து அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில்தான் நடக்கின்றன. அதிபருக்கு ஒரு சீட்டு, தொகுதி எம்.பி-க்கு ஒரு சீட்டு. இரண்டையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தேர்தல் ஆணையத்திடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. கிழக்கே, டோகோ நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சான்ட்ரோகோஃபி, அக்பாஃபு, லிக்பே, லோலோபி என்ற நான்கு பகுதிகளின் மக்கள் நாளை அதிபர் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். எம்.பி தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

குற்றம் எதுவும் செய்யவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்கிறது. கலவரமோ வெள்ளமோ கிடையாது. பிறகு ஏன்? அவர்களுக்குத் தொகுதியே இல்லை, அதனால்தான். பழைய தொகுதியிலிருந்து அவர்களை வெளியே எடுத்தாகிவிட்டது. புதிய தொகுதி உருவாக்கப்படவில்லை. நடுவே மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 17,000 வாக்காளர்கள்.

அந்தத் தேர்தலில் கானா முழுவதும் பதிவு செய்திருந்த வாக்காளர்கள் 1,70,27,641 பேர். கணக்குப் போட்டால் ஆயிரத்தில் ஒருவர். 'ஆயிரத்தில் ஒருவர்தானே' என்று விட்டுவிடலாம்தான். ஆனால், அந்தத் தேர்தலில் அமைந்த நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சிக்கு 137 இடம், எதிர்க்கட்சிக்கும் 137 இடம்!

நான்கு ஊர்கள், மூன்று மொழிகள்

நான்கு பகுதிகளின் பெயர்களிலும் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து, கானா பத்திரிகைகள் இந்தப் பகுதியை 'சால்' என்று சுருக்கமாக அழைக்கின்றன. மலையும் காடும் கலந்த நிலம். அக்பாஃபு மலையில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இரும்பு உருக்கிக் கருவிகள் செய்தார்கள். லிக்பேயில் மூதாதையர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குகைகளைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் ஏறிப் போகிறார்கள். சான்ட்ரோகோஃபி மக்கள் பேசுவது செலே மொழி. லிக்பே மக்களுக்கு செக்பேலே. அக்பாஃபுவும் லோலோபியும் சிவு பேசுகின்றன. மூன்றுமே சின்ன மொழிகள். சுற்றிலும் இருப்பது எவே மொழி பேசும் பெரிய சமூகம்.

இவர்களுக்குப் பக்கத்து டவுன் ஹோஹோய். சந்தை, பெரிய கடைகள், பஸ் எல்லாம் அங்கேதான். மாவட்டமும் தொகுதியும் ஹோஹோய்தான். மாகாணம் வோல்டா. மாகாணத் தலைநகர் ஹோ.

இந்த மண்ணில் எல்லைக்கோடு போடுவது புதிய விஷயமல்ல. ஜெர்மனியின் காலனியாக இருந்த டோகோலாந்தை முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டன. பிரிட்டன் வசம் வந்த துண்டை என்ன செய்வது என்று 1956 மே 9-ல் ஐ.நா மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. 'கோல்டு கோஸ்ட்டோடு சேரலாம்' என்ற பக்கம் ஜெயித்தது. அடுத்த வருடம், 1957 மார்ச் 6-ல், அந்த கோல்டு கோஸ்ட்தான் கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. ஆனால், அந்த வாக்கெடுப்பில் தெற்குப் பகுதியில் பெரும்பான்மையினர் சேரக் கூடாது என்றே வாக்களித்திருந்தார்கள். 'மேற்கு டோகோலாந்து' என்று தனி நாடு கேட்கும் குழுக்கள் இன்றுவரை அங்கே உண்டு. 2020 செப்டம்பரில், அதாவது தேர்தலுக்கு இரண்டரை மாதம் முன்புகூட, அப்படியொரு குழு வோல்டாவில் சாலைகளை மறித்து ரகளை செய்தது.

'நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானா?' என்ற கேள்வி எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடிய நிலம் அது. அங்கே போய் ஒரு பகுதி மக்களிடம் 'உங்களுக்கு எம்.பி ஓட்டு இல்லை' என்று சொல்வதற்கு வேறு எந்த ஊரையும்விட அதிக கவனம் வேண்டியிருந்தது.

புது மாகாணம் வந்தது... சிக்கலும் வந்தது!

2018 வரை கானாவில் 10 மாகாணங்கள். நானா அக்குஃபோ-அட்டோவின் அரசு இன்னும் ஆறு மாகாணங்களை உருவாக்க முடிவெடுத்தது. அதில் ஒன்று, வோல்டாவின் வடபகுதியைப் பிரித்து அமைக்கும் ஓட்டி. அந்த வழியாக ஓடும் நதியின் பெயர். வடக்கே இருக்கிறவர்கள் ஓர் அரசு வேலைக்காக ஹோ வரை வர வேண்டியிருக்கிறது, வளர்ச்சி எல்லாம் தெற்கோடு நின்றுவிடுகிறது என்பது நெடுநாள் குறை.

மாகாணத்தை உடைப்பது கானாவில் அவ்வளவு சுலபமில்லை. சம்பந்தப்பட்ட பகுதியில் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட வேண்டும். விழுந்த ஓட்டில் 80 சதவிகிதம் 'ஆம்' என்றிருக்க வேண்டும். 2018 டிசம்பர் 27-ல் நடந்த வாக்கெடுப்பில் ஆறு மாகாணங்களுமே இந்தத் தேர்வில் பாஸ். 2019 பிப்ரவரியில் ஓட்டி மாகாணம் பிறந்தது. தலைநகர் டம்பாய். சால் பகுதியும் ஓட்டியில் சேர்க்கப்பட்டது.

இங்கேதான் முதல் முடிச்சு. சால் மக்கள் மாகாணத்தால் ஓட்டி. ஆனால், தொகுதியாலும் மாவட்டத்தாலும் ஹோஹோய். ஹோஹோயோ வோல்டாவிலேயே இருக்கிறது.

கானா அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது: எந்தத் தொகுதியும் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் பரவியிருக்கக் கூடாது. அப்படியானால், ஓட்டி பிறந்த நாளிலிருந்தே ஹோஹோய் தொகுதி சட்டத்தை மீறிக்கொண்டு நின்றது. அதைச் சரிசெய்ய தேர்தல் வரை 22 மாதங்கள் இருந்தன. இந்தக் கதையில் கோபம் வரவேண்டிய இடம் எதுவென்றால், அந்த 22 மாதங்கள்தான்.

2020 ஜூனில் இந்தப் பிரச்னை ஒரு வழக்கின் மூலமாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சால் பகுதி ஓட்டியைச் சேர்ந்தது, எனவே அதை ஹோஹோய் தொகுதியில் வைத்திருப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால், 'இங்கே இருக்கக் கூடாது' என்று தீர்ப்பு வந்துவிட்டால், 'அப்படியானால் எங்கே இருக்க வேண்டும்' என்பதை இன்னொருவர் உடனே செய்து முடிக்க வேண்டும். அந்த இன்னொருவர் ஒருவரல்ல, மூவர்.

மூன்று மேஜைகள்

கானாவில் தொகுதி உருவாகும் விதம் இப்படி: முதலில் உள்ளாட்சித் துறை ஒரு மாவட்டத்தை உருவாக்க வேண்டும். அதை ஒட்டி, தேர்தல் ஆணையம் தொகுதிக்கான சட்ட ஆவணத்தைத் தயாரிக்க வேண்டும். அந்த ஆவணத்தை நாடாளுமன்றத்தில் வைத்து, அவை 21 அமர்வு நாள்களைக் கடக்க வேண்டும். 21 நாள் என்றால் காலண்டரில் இருக்கும் 21 நாள் அல்ல. அவை கூடுகிற நாள் மட்டும்தான் கணக்கு. விடுமுறையில் இருந்தால் கடிகாரம் நின்றுவிடும்.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, நவம்பரில்தான் சால் பகுதிக்கென 'குவான்' என்ற புதிய மாவட்டம் வந்தது. நாட்டின் 261-வது மாவட்டம். தலைமையிடம் லிக்பே மாத்தே. மக்கள் கேட்டுக்கொண்டிருந்ததுதான், கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால், அதற்குள் எம்.பி-க்கள் விடுமுறையில் பிரசாரத்துக்குப் போய்விட்டார்கள். தொகுதிக்கான ஆவணத்தை வைக்க அவை இல்லை. 21 நாளுக்கும் வழியில்லை.

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே... இங்கே மூன்று பூசாரிகள். மாவட்டம் கொடுத்தவர் வேறு, தொகுதி கொடுக்க வேண்டியவர் வேறு, அதற்கு முத்திரை குத்த வேண்டியவர் வேறு. மூவரும் தங்கள் வேலையைத் தங்கள் வேகத்தில் செய்தார்கள்.

தேர்தல் ஆணையத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஹோஹோயில் வாக்களிக்க விட்டால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மீறியதாகும். இல்லாத தொகுதிக்குத் தேர்தல் நடத்தவும் முடியாது. உரிய நேரத்தில் குவானுக்குத் தொகுதி அமைக்கும் பணி தொடங்கும் என்று ஆணையம் சொன்னது. இந்த வாதத்தில் சட்டப் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால், இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம், செப்டம்பரில் சொல்லியிருக்கலாம். பந்தியில் உட்கார வைத்துவிட்டு, சாதம் வரும் நேரத்தில் 'உங்களுக்கு இலை இல்லை' என்று சொன்னதுபோல, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் சொன்னதற்கு எந்தச் சட்டப்பிரிவும் காரணமல்ல.

ஒரு பழைய தகவல். இதே கானா தேர்தல் ஆணையம் 2012-ல், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஒரே மூச்சில் 45 புதிய தொகுதிகளை உருவாக்கியது. 230 ஆக இருந்த தொகுதிகள் 275 ஆகின. எதிர்ப்பு கிளம்பியும் வேலை முடிந்தது. அப்போது 45 முடிந்தது. 2020-ல் ஒன்று முடியவில்லை.

உலக வங்கியில் ஒரு கொள்ளை?

கானா அரசியலில் இரண்டு பெரிய கட்சிகள். அக்குஃபோ-அட்டோவின் என்.பி.பி. ஜான் மஹாமாவின் என்.டி.சி. வோல்டா மாகாணம் என்.டி.சி-யின் கோட்டை. எவ்வளவு பெரிய கோட்டை என்றால், வோல்டாவுக்கு கானா அரசியலில் 'என்.டி.சி-யின் உலக வங்கி' என்றே பட்டப்பெயர். தேவைப்படும்போதெல்லாம் ஓட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்!

2020-ல் அந்த வங்கியில் ஒரு லாக்கர் மட்டும் உடைந்தது. சால் மக்கள் இல்லாமல் நடந்த ஹோஹோய் தொகுதித் தேர்தலில், அப்போதைய எரிசக்தித் துறை அமைச்சர் ஜான் பீட்டர் அமேவு, என்.பி.பி சார்பில் ஜெயித்தார். அவருக்கு 26,952 ஓட்டு. என்.டி.சி-யின் மார்கரெட் குவேக்குவுக்கு 21,821. வித்தியாசம் 5,131. வோல்டாவின் 18 தொகுதிகளில் என்.பி.பி-க்குக் கிடைத்தது இது ஒன்றுதான். ஹோஹோயை அந்தக் கட்சி வென்றது அதுவே முதல்முறை.

வித்தியாசம் 5,131. வாக்களிக்க முடியாமல் போனவர்கள் சுமார் 17,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்களே அந்த டிசம்பரில் கானாவில் இல்லை.

இதைத் திட்டமிட்ட சதி என்று என்.டி.சி சொன்னது. அமேவு தரப்பைப் பொறுத்தவரை, அவர் எல்லா வாக்காளர்களிடமும் பிரசாரம் செய்து ஜெயித்தார். தொகுதியின் எல்லையைப் போட்டது அவரல்ல. சால் மக்கள் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அமேவு அந்த மண்ணில் செல்வாக்குள்ளவர், அவருக்கென்று கிடைத்திருக்கும் ஓட்டுகளும் உண்டு. ஆனால், தேர்தல் என்பதே அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக நடத்துவதுதானே!

சால் பகுதியைச் சேர்ந்த சிலர் ஹோ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அமேவுவின் வெற்றியை அரசிதழில் வெளியிடக் கூடாது, அவர் பதவியேற்கக் கூடாது என்று டிசம்பர் 23-ல் இடைக்காலத் தடை கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வந்தது. 2021 ஜனவரி 5-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இரண்டு நாள் கழித்து அமேவு எம்.பி-யாகப் பதவியேற்றார். பிறகு, ரயில்வே மேம்பாட்டுத் துறை அமைச்சரும் ஆனார்.

137 - 137

புதிய நாடாளுமன்றம் எப்படி அமைந்தது என்பதைப் பார்த்தால்தான் அந்த ஒரு தொகுதியின் எடை புரியும்.

என்.பி.பி 137. என்.டி.சி 137. ஃபொமெனா தொகுதியில் ஜெயித்த ஆண்ட்ரூ அமோகோ அசியாமா சுயேச்சை. மொத்தம் 275. அந்த ஒரே சுயேச்சை ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்ததால்தான் என்.பி.பி 'பெரும்பான்மை' ஆனது. அவருக்கு இரண்டாம் துணை சபாநாயகர் பதவியும் கிடைத்தது.

ஹோஹோய் மட்டும் வேறு பக்கம் போயிருந்தால் என்.டி.சி 138, என்.பி.பி 136. சுயேச்சை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிர்க்கட்சிக்கே பெரும்பான்மை. இது கற்பனைக் கணக்குதான். ஆனால், அடுத்த நான்கு வருடங்கள் அந்த அவையில் நடந்தவை கற்பனையல்ல.

முதல் நாளே சபாநாயகர் தேர்தலில் ரகளை. ஒரு எம்.பி வாக்குச்சீட்டுகளைப் பறித்துக்கொண்டு ஓட, ராணுவ வீரர்கள் அவைக்குள் நுழைந்தார்கள். விடிய விடிய நடந்த கூத்துக்குப் பிறகு எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஆல்பன் பேக்பின் சபாநாயகரானார்.

2021 நவம்பரில் பட்ஜெட். 26-ம் தேதி ஆளுங்கட்சி எம்.பி-க்கள் வெளிநடப்பு செய்திருந்தபோது, எதிர்க்கட்சியினர் பட்ஜெட்டைத் தோற்கடித்தார்கள். 30-ம் தேதி எதிர்க்கட்சி இல்லாத நேரத்தில், ஆளுங்கட்சி அதே பட்ஜெட்டை உயிர்ப்பித்தது. அதற்கு 138 பேர் தேவை. இருந்தது 137. சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த துணை சபாநாயகர் ஜோ ஓசே-ஓவுசு, தன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்! அப்படி எண்ணலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 மார்ச் 9-ல் 'எண்ணலாம்' என்று தீர்ப்பு வந்தது.

நடுவில் 2021 டிசம்பரில், மொபைல் மூலம் அனுப்பும் பணத்துக்கு வரி போடும் 'இ-லெவி' மசோதாவுக்காக எம்.பி-க்கள் அவைக்குள்ளேயே கைகலந்தார்கள். அந்த வீடியோவைப் பலரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அந்த வரி 2022 மார்ச் 29-ல் எதிர்க்கட்சி வெளிநடப்புக்கு நடுவே நிறைவேறியது. பெட்டிக்கடை, காய்கறிச் சந்தை, கிராமத்துக்கு அனுப்பும் வீட்டுச் செலவு என எல்லாமே மொபைல் பணத்தில் நடக்கும் நாடு கானா. லிக்பேயில் இருக்கும் தாய்க்கு அக்ராவிலிருந்து மகன் அனுப்பும் தொகை, வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் அதற்கும் 1.5 சதவிகித வரி. அந்த வரி வேண்டுமா, வேண்டாமா என்று கையைத் தூக்க லிக்பேக்கு மட்டும் ஆள் கிடையாது.

காலியான நாற்காலி வேறு... செய்யாத நாற்காலி வேறு!

அதே நாடாளுமன்றத்தில் இன்னொரு தொகுதிக்கும் எம்.பி இல்லாமல் போனது. அசின் நார்த். அங்கே ஜெயித்த என்.டி.சி-யின் ஜேம்ஸ் ஜாச்சி குவேசன், வேட்புமனு தாக்கல் செய்தபோது கனடா குடியுரிமையை முழுமையாக விடவில்லை என்பது வழக்கு. 2022 ஏப்ரலில் அவர் அவைக்குள் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2023 மே மாதம் அவர் தேர்வே செல்லாது என்றது. அடுத்த மாதமே, ஜூன் 27-ல் இடைத்தேர்தல். அதற்குள் தேவையான ஆவணங்களைச் சரிசெய்துவிட்ட குவேசன் மறுபடியும் நின்று, மறுபடியும் ஜெயித்தார். இரண்டு கட்சிகளின் பெரிய தலைகளும் அந்தத் தொகுதியில்தான் முகாம்.

அசின் நார்த்துக்கு இடைத்தேர்தல் உண்டு, சால் பகுதிக்கு ஏன் இல்லை? அசின் நார்த்தில் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. குவானுக்கு நாற்காலியே செய்யப்படவில்லை. இல்லாத நாற்காலி 'காலி'யாக முடியாது.

சரி, 2021-லேயே நாற்காலியைச் செய்திருக்கலாமே? அங்கேதான் 47-வது பிரிவின் ஓர் உட்பிரிவு குறுக்கே நிற்கிறது. தொகுதி எல்லையில் செய்யும் மாற்றம், அடுத்த முறை நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்கிறது அது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதிதான். அது இல்லாவிட்டால், பெரும்பான்மை குறையும்போதெல்லாம் ஆளுங்கட்சி இரண்டு தொகுதியைக் கூட்டிக்கொள்ளும், பிடிக்காத எம்.பி-யின் தொகுதியைப் பதவிக்காலத்தின் நடுவிலேயே துண்டு போட்டுவிடும். எல்லையை வைத்துச் சூதாடாமல் இருக்கப் போட்ட பூட்டு அது. அந்தப் பூட்டு 17,000 பேரை வெளியே வைத்து மூடிக்கொண்டது.

வெளியே இருப்பது என்றால் என்ன? அவையில் பேச ஆளில்லை என்பது மட்டுமல்ல. கானாவில் உள்ளாட்சிகளுக்கான பொது நிதியில் எம்.பி-க்கென்று ஒரு பங்கு உண்டு. பள்ளிக்கு பெஞ்ச், ஊருக்கு போர்வெல், படிக்கும் பிள்ளைக்கு ஃபீஸ் எனத் தொகுதி மக்கள் எம்.பி-யிடம் கேட்பதெல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் போகும். எம்.பி இல்லையென்றால் அந்தப் பங்கும் இல்லை. மாவட்டம் புதியது, அலுவலகம் புதியது, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கட்ட வேண்டிய நேரம். சரியாக அந்த நான்கு வருடங்கள்தான் கேட்டு வாங்கித் தர ஆளில்லாமல் போனது.

சின்னத் தொகுதி நியாயமா?

குவானுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்பதற்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. அதுவும் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. 2020 கணக்குப்படி கானாவில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 62,000 வாக்காளர்கள். குவானில் சுமார் 17,000. அதாவது, குவானில் ஒரு ஓட்டின் எடை, சராசரித் தொகுதியில் மூன்றரை ஓட்டுக்குச் சமம். தலைநகர் அக்ராவைச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும் புறநகர்த் தொகுதிகளில் இருப்பவர்கள், 'எங்களுக்கும் ஒரு எம்.பி, அவர்களுக்கும் ஒரு எம்.பி-யா?' என்று கேட்கலாம். தொகுதி மறுவரையறை என்றாலே எல்லா நாட்டிலும் வந்து நிற்கும் கேள்விதான் இது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கானா அரசியல் சட்டம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. தொகுதிகளின் மக்கள்தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போக்குவரத்து வசதி, நில அமைப்பு, மக்கள் அடர்த்தி, மாகாண எல்லை, பாரம்பர்ய சமூகங்களின் எல்லை ஆகியவற்றுக்காகக் கூடலாம், குறையலாம் என்கிறது. மலையும் தனி மொழிகளும் புதிய மாகாண எல்லையும் ஒருசேர இருக்கும் சால் பகுதிக்கு இந்த விலக்கு கச்சிதமாகப் பொருந்தும். தனித் தொகுதி வேண்டாமென்றால் ஓட்டி மாகாணத்திலேயே பக்கத்திலிருக்கும் புவெம் தொகுதியோடு சேர்த்திருக்கலாம். சின்னத் தொகுதியா, சேர்ந்த தொகுதியா என்பது விவாதத்துக்குரியது. ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில் விவாதமே இல்லை.

வந்தது 276!

2024 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு குவான் தொகுதிக்கான ஆவணம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, 21 அமர்வு நாள்களைக் கடந்தது. தொகுதிகளின் எண்ணிக்கை 275-லிருந்து 276. ஓட்டி மாகாணத்தில் எட்டாக இருந்தது ஒன்பது.

அந்த 21 நாள்களுக்கு இந்த முறை எந்தத் தடையும் வரவில்லை. ஆனால், அதே அவை தன் கடைசி மாதங்களில் மறுபடி எண்ணிக்கைச் சண்டையில் இறங்கியது. அக்டோபரில் நான்கு எம்.பி-க்களின் இடங்கள் காலி என்று சபாநாயகர் பேக்பின் அறிவித்தார். அந்த ஃபொமெனா சுயேச்சை அசியாமாவும் அதில் ஒருவர். உச்ச நீதிமன்றம் தலையிட்டு நவம்பரில் அந்த முடிவைச் செல்லாது என்றது. 137-க்கும் 138-க்கும் நடுவே தொடங்கிய நாடாளுமன்றம், அதே கணக்கோடுதான் முடிந்தது.

2024 டிசம்பர் 7. சால் மக்கள் கையில் இந்த முறை இரண்டு சீட்டு. குவான் தொகுதியின் முதல் எம்.பி-யாக என்.டி.சி-யின் ஃப்ரெட் குவேசி அக்பென்யோ ஜெயித்தார். ஹோஹோய் தொகுதியும் மறுபடி என்.டி.சி-க்கே போனது. நாடு முழுவதும் அதே அலை. மஹாமா மீண்டும் அதிபரானார், நாடாளுமன்றத்தில் என்.டி.சி-க்கு 180-க்கும் மேற்பட்ட இடங்கள்.

ஒற்றை இடம் அரசையே ஆட்டிவைக்கக்கூடிய அவையில் குவானுக்கு நாற்காலி இல்லை. ஒரு இடம் கூடினாலும் குறைந்தாலும் எதுவும் மாறாத அவையில் நாற்காலி கிடைத்திருக்கிறது. இ-லெவி வரியைக்கூட புதிய அரசு 2025-ல் ரத்து செய்துவிட்டது. குவான் எம்.பி-யின் கை இல்லாமல் போயிருந்தாலும் அது ரத்தாகியிருக்கும்.

2021-ல் கானாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 3.08 கோடிப் பேர். கணக்கெடுப்பு வெளியானால் 12 மாதங்களுக்குள் தொகுதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும் அதே 47-வது பிரிவில் இருக்கிறது. 2024 தேர்தலுக்கு முன் புதிதாகச் சேர்ந்தது குவான் ஒன்றுதான். மற்ற ஐந்து புதிய மாகாணங்களிலோ, வீங்கிக்கொண்டிருக்கும் அக்ரா புறநகரிலோ அடுத்த கோடு போடும்போதும், அதே மூன்று மேஜைகளையும் அதே 21 நாள்களையும் கடந்துதான் போக வேண்டும்.

2025 ஜனவரி 7 அதிகாலை, கானா நாடாளுமன்றத்தில் புதிய எம்.பி-க்கள் பதவியேற்றபோது, லிக்பே, லோலோபி, அக்பாஃபு, சான்ட்ரோகோஃபி மக்கள் எம்.பி இல்லாமல் இருந்து நான்கு வருடங்கள் முழுமையாக முடிந்திருந்தன.